மனித இயல்பை எழுதுகிறவனும் மனிதனே

மனிதன் யார் என்னும் வினா இறையியல் வகுப்பிலோ அருளுரை மேடையிலோ எழும்பும்போதெல்லாம் நாம் வழக்கமாக இரண்டு வழிகளில் விடை தேடுகிறோம். ஒன்று வரலாறு. போர்களையும், பேரரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளையும், அடிமை வாணிகத்தையும், வதை முகாம்களையும் எடுத்துக்காட்டி, மனிதன் இத்தகையவன் என்று கூறுகிறோம். மற்றொன்று அனுபவம். நமது வாழ்வில் நேர்ந்தவற்றையும், நமது உள்ளத்தில் நாம் கண்டவற்றையும் சான்றாக வைக்கிறோம்.

இவ்விரு வழிகளும் நல்லவையே. எனினும் ஒவ்வொன்றிலும் ஓர் ஆபத்து உண்டு. வரலாற்றை மட்டும் கொண்டு எழுதுகிறவன் நீதிபதியின் இருக்கையில் அமர்ந்துவிடுகிறான். அவனது ஏட்டில் குற்றவாளிகள் எப்பொழுதும் வேறு நாட்டினர், வேறு காலத்தினர், வேறு சபையினர். அனுபவத்தை மட்டும் கொண்டு எழுதுகிறவனோ தன் சிறு முற்றத்தையே உலகமென எண்ணிவிடுகிறான். தான் செய்த பிழைகளைச் சொல்லுவான். தன் ஊரும் தன் குலமும் தன் சபையும் சேர்ந்து செய்த பிழைகள் அவன் கண்ணுக்குப் புலப்படா. வரலாறும் அனுபவமும் சந்திக்கும் இடத்திலேதான் மனித இயல்பைப்பற்றிய உண்மையான எழுத்து பிறக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. திருச்சபை வரலாற்றில் இதனை முயன்ற மூவரைக் கண்டு, பின்பு நம்மிடமே திரும்புவோம்.

1. பேரிக்காய் மரமும் ரோமாபுரியும்

கி.பி. 354இல் வட ஆப்பிரிக்காவில், இன்றைய அல்ஜீரியா நாட்டிலுள்ள தகாஸ்தே என்னும் ஊரில் அகுஸ்தீன் பிறந்தார். ஹிப்போ நகரின் பேராயரானபின், 397ஆம் ஆண்டையொட்டி, 'அறிக்கைகள்' என்னும் நூலை எழுதத் தொடங்கினார். அதன் இரண்டாம் பகுதியில், தமது பதினாறாம் வயதில் தோழர்களோடு சேர்ந்து இரவில் ஒரு பேரிக்காய் மரத்தை உலுக்கித் திருடியதை விவரிக்கிறார். அவர்களுக்குப் பசியில்லை. தம்மிடத்தில் அவற்றைவிட நல்ல கனிகள் இருந்தன. திருடிய கனிகளில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு எறிந்துவிட்டார்கள்.

இவ்வளவு சிறிய குற்றத்திற்கு ஒரு பேராயர் இத்தனை பக்கங்களை ஒதுக்குவானேன் என்று வாசகர் பலர் வியந்ததுண்டு. அகுஸ்தீன் அந்தக் கனிகளை ஆராயவில்லை, தம்மையே ஆராய்ந்தார். தேவையின்றிச் செய்த தீமையாகையால், தேவை என்னும் சாக்கு அங்கே இல்லை. மேலும் முக்கியமான ஒன்றை அவர் கண்டார். தனியே இருந்திருந்தால் அதைச் செய்திருக்கமாட்டார். கூட்டத்தின் நகைப்பும், பின்வாங்க வெட்கப்படும் வெட்கமுமே அவரைச் செய்யத் தூண்டின.

410ஆம் ஆண்டில் அலாரிக் என்பவன் தலைமையில் விசிகோத்தியர் ரோமாபுரியைச் சூறையாடினர். பழைய தெய்வங்களைக் கைவிட்டதே இவ்வழிவிற்குக் காரணம் என்று கிறிஸ்தவர்மேல் பழி சுமத்தப்பட்டது. அதற்கு விடையாக 413 முதல் ஏறத்தாழ 426வரை அகுஸ்தீன் எழுதிய 'இறைவனின் நகரம்' என்னும் பெருநூல் 22 பகுதிகளைக் கொண்டது. அதில் அவர் முழு வரலாற்றையும் எடுத்துக்கொள்கிறார். முதல் நகரைக் கட்டிய காயீன் தன் சகோதரனைக் கொன்றவன். ரோமாபுரியை நிறுவியதாகச் சொல்லப்படும் ரோமுலுவும் தன் சகோதரனைக் கொன்றவன் என்று இரண்டையும் அருகருகே வைக்கிறார். நீதி நீங்கிய அரசுக்கும் கொள்ளைக் கூட்டத்திற்கும் இடையே அளவில்தான் வேறுபாடு என்பது அவரது முடிவு.

இவ்விரு நூல்களையும் சேர்த்து வாசிப்போர்க்கு ஒன்று விளங்கும். நள்ளிரவில் மரத்தை உலுக்கிய சிறுவர் கூட்டத்தில் தாமும் ஒருவராய் நின்றதை அறிக்கையிட்டவரே, பேரரசு என்னும் பெருங்கூட்டத்தின் உள்ளத்தையும் துணிந்து எழுதினார். முன்னதை எழுதியிராவிடில் பின்னது வெறும் குற்றச்சாட்டாக நின்றிருக்கும்.

ஆயினும் அகுஸ்தீனின் வரலாறு இங்கே முடிவதில்லை. தொனாத்தியர் என்னும் பிரிவினரை ஒருவரும் கட்டாயப்படுத்தலாகாது என்று முதலில் எண்ணிய அவர், பின்பு தம் கருத்தை மாற்றிக்கொண்டு, பேரரசின் சட்ட வலிமையால் அவர்களைச் சபைக்குள் கொணர்வதை ஆதரித்தார். பெரிய விருந்தின் உவமையில் மக்களை வருந்திக் கூட்டிவரும்படி எஜமான் சொன்னதைத் தமக்குச் சான்றாகக் கொண்டார். 411இல் கார்த்தேஜில் நடைபெற்ற மாநாட்டுக்குப்பின், 412இல் வெளியான அரசாணை அவர்களுக்கு அபராதம் விதித்தது. அதிகார ஆசையை இவ்வளவு கூர்மையாகக் கண்டவர், அது தம் சபையின் அங்கியை அணிந்து வந்தபோது அடையாளம் காணவில்லை. மனித இயல்பை எழுதுகிறவனும் மனிதனே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

2. டெட்ராய்ட் நகரத்துப் போதகர்

பதினைந்து நூற்றாண்டுகளுக்குப்பின், அகுஸ்தீனிடம் பெரிதும் கற்ற ஒருவரை அமெரிக்காவில் காண்கிறோம். ரைன்ஹோல்டு நீபூர் 1892இல் பிறந்தவர். 1915 முதல் 1928வரை டெட்ராய்ட் நகரில் பெத்தேல் சபையின் போதகராக ஊழியம் செய்தார். அந்நகரம் மோட்டார் வண்டித் தொழிலால் நாளுக்குநாள் பெருகிய காலம் அது. 1914இல் ஹென்றி ஃபோர்டு தம் தொழிலாளருக்கு நாளொன்றுக்கு 5 டாலர் ஊதியம் அறிவித்தபோது உலகமே அவரை வள்ளல் என்று புகழ்ந்தது. நீபூரோ தொழிலாளரின் வீடுகளிலிருந்து அதனைப் பார்த்தார். 1927இல் பழைய வண்டியின் உற்பத்தியை நிறுத்திப் புதிய வண்டிக்காகத் தொழிற்சாலையை மாற்றியமைத்த மாதங்களில் வேலையிழந்தோரின் துயரத்தை அவர் அறிந்திருந்தார். வள்ளல் என்னும் பெயருக்கும் உண்மைக்குமுள்ள இடைவெளியைக் கடுமையாக எழுதினார்.

அவர் முதலாளியை மட்டும் குற்றஞ்சாட்டியிருந்தால் நாம் அவரை இங்கே குறிப்பிடவேண்டியதில்லை. 1929இல் வெளியான அவரது ஊழிய நாட்குறிப்பில், தொழிற்சாலை ஒன்றைக் காணச்சென்ற நாளைப்பற்றி எழுதும்போது, அப்பொருள்களை விரும்பி வாங்கும் நாமனைவரும் அம்மக்களின் களைப்புக்குப் பொறுப்பாளிகள் என்று தம்மையும் சேர்த்துக்கொள்கிறார். அதே நாட்குறிப்பில், சபையாரின் வீட்டு வாசலைத் தட்டத் துணிவின்றி அவ்வீட்டைக் கடந்து முன்னும் பின்னும் நடந்ததையும் மறைக்காமல் எழுதியுள்ளார். புதிதாக ஊழியத்தில் சேர்ந்தோர் இதனை வாசித்தால் ஆறுதலடைவர்.

இவ்வனுபவத்திலிருந்தே 1932இல் 'ஒழுக்கமுள்ள மனிதனும் ஒழுக்கமற்ற சமுதாயமும்' என்னும் நூல் எழுந்தது. தனி மனிதன் சிலவேளை தன்னலத்தைத் துறக்கக்கூடும். ஆனால் இனமும் வகுப்பும் நாடும் அவ்வாறு துறப்பது மிக அரிது என்றும், தன் தன்னலத்தைக் கூட்டத்தின் நலமென்று பெயர்மாற்றி மனிதன் நிம்மதியாக உறங்குகிறான் என்றும் அந்நூல் காட்டுகிறது. 1939இல் எடின்பரோவில் அவர் ஆற்றிய கிஃபோர்டு சொற்பொழிவுகள் மனிதனின் இயல்பையும் அவனது முடிவையும் குறித்தவை. அவை நடைபெற்றுக்கொண்டிருந்த அவ்வாண்டிலேயே இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1941லும் 1943லும் அவை இரு தொகுதிகளாக வெளிவந்தன.

3. ஷான்துங் வளாகத்தில்

அப்போரின்போது சீன நாட்டில் ஒரு வேலிக்குள் நடந்ததே நமது மூன்றாவது சான்று. லாங்டன் கில்கி 1919இல் சிக்காகோவில் பிறந்தவர், போதகரின் மகன். 1940இல் ஹார்வர்டில் கல்வியை முடித்து, பீக்கிங்கிலிருந்த யென்சிங் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பிக்கச் சென்றார். ஜப்பான் அமெரிக்காவோடு போர் தொடங்கியபின், 1943 மார்ச்சில் ஏனைய மேல்நாட்டாரோடு ஷான்துங் மாகாணத்தின் வெய்ஷியன் ஊரிலிருந்த முகாமுக்கு அனுப்பப்பட்டார். அது முன்பு அமெரிக்கப் பிரெஸ்பிட்டேரியன் மிஷனின் வளாகமாயிருந்தது. வணிகர், வங்கி அதிகாரிகள், பேராசிரியர், மிஷனெரிகள், குழந்தைகள் என ஏறத்தாழ 1500 பேர் அச்சிறிய வளாகத்தில் நெருங்கி வாழ்ந்தனர்.

அங்கே சித்திரவதையில்லை, கொலைக்களமில்லை. உணவு குறைவு, இடம் குறைவு, அவ்வளவே. ஆகவேதான் அது மனித இயல்பை ஆராய ஏற்ற இடமாயிற்று. தொடக்கத்தில் எல்லாரும் கூடிச் சமையலறைகளையும் மருத்துவமனையையும் பள்ளியையும் அமைத்த திறமையைக் கண்ட கில்கி, இத்தகைய அறிவுள்ள மக்களுக்குச் சமயம் தேவையோ என்று எண்ணினார்.

பின்பு அவர் குடியிருப்புக் குழுவில் பணியாற்றினார். ஒரே அளவுள்ள இரு அறைகளில் ஒன்றில் 9 பேரும் மற்றொன்றில் 11 பேரும் இருந்தனர். ஒருவரை மாற்றினால் இரண்டிலும் 10 பேராகும். சிறு பிள்ளையும் ஒப்புக்கொள்ளும் கணக்கு இது. ஒன்பது பேரும் ஒப்பவில்லை. எவரும், 'எனக்குத் தன்னலம்' என்று சொல்லவில்லை. ஒவ்வொருவரும் நியாயம் சொன்னார்கள். அறிவு தன்னலத்தை அடக்கும் என்று நம்பியிருந்த அவ்விளைஞர், அறிவே தன்னலத்தின் வழக்கறிஞராய் நிற்பதைக் கண்டார்.

1945 ஜனவரியில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப் பொட்டலங்கள் 1500க்கு மேற்பட்டவை வந்துசேர்ந்தன. பசியாலும் குளிராலும் வாடிய முகாமுக்கு அது கிறிஸ்துமஸ் மீண்டும் வந்தது போலாயிற்று. முகாம் தலைவர், சுமார் 200 அமெரிக்கருக்கு ஆளுக்கு ஒன்றரையும் மற்றையோருக்கு ஒவ்வொன்றும் கொடுக்கும்படி தீர்மானித்தார். அப்பொழுது சில அமெரிக்க இளைஞர், இவை அமெரிக்காவின் பொருள்களாகையால் அமெரிக்கருக்கே உரியவை என்று தடை எழுப்பினர். விநியோகம் நின்றது, வழக்கு தோக்கியோவுக்குச் சென்றது. அந்நாட்களில் நாட்டுக்கு நாடு பகை மூண்டு, கைகலப்பும் நேர்ந்தது. கில்கி பலரிடம் பேசிப்பார்த்தார். மிஷனெரி ஒருவர் கூறிய விடையே அவரை மிகவும் கலக்கியது. கட்டாயத்தினால் பகிர்வதில் அறம் இல்லை; முதலில் எல்லாம் நமக்கே கிடைக்கட்டும், பின்பு நாம் மனமுவந்து பிறருக்குக் கொடுப்போம் என்பதே அவரது வாதம். இறையியல் அங்கே பொட்டலத்தைக் காக்கும் காவலாளியாயிற்று.

இறுதியில், ஆளுக்கு ஒன்று கொடுத்து, எஞ்சியவற்றை வேறு முகாம்களுக்கு அனுப்பும்படி ஆணை வந்தது. ஒன்றரை பெறவேண்டியவர் ஒன்றே பெற்றனர். தென்னாப்பிரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய காலணிகளும் அத்தொகுதியில் இருந்தன. முகாமில் தென்னாப்பிரிக்கர் இருவரே. அமெரிக்கரின் நியாயப்படி அக்காலணிகள் அனைத்தும் தங்களுக்கே உரியவை என்று அவர்கள் வேடிக்கையாக அறிவிப்பு ஒட்டினர். முகாம் முழுவதும் சிரித்தது. சிரித்தவர்களுள் வெட்கப்பட்டவரும் இருந்திருப்பர்.

கில்கி நன்மையைக் காணத் தவறவில்லை. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் வென்று, பின் சீனாவில் மிஷனெரியான எரிக் லிடல், அம்முகாமின் இளைஞருக்காக மாலைதோறும் தம்மைச் செலவழித்ததை நன்றியோடு குறிப்பிடுகிறார். லிடல் 1945 பெப்ருவரி 21இல், மூளையில் தோன்றிய கட்டியினால் அங்கேயே மரித்தார். அவ்வாண்டு ஆகஸ்டு 17இல் விமானத்திலிருந்து குதித்த அமெரிக்க வீரரால் முகாம் விடுதலை பெற்றது.

தாயகம் திரும்பிய கில்கி நீபூரிடம் இறையியல் கற்றார். முகாமைப்பற்றிய நூலை 1966இல்தான் வெளியிட்டார். அங்கிருந்தோரின் பெயர்களை மாற்றி எழுதினார். எவரையும் தூக்கிலிடுவது அவர் நோக்கமன்று. போரில் வென்று, உண்டு நிறைந்திருந்த தம் சொந்த நாட்டில், பசியால் வாடும் பிற நாடுகளுக்கு உணவு பகிர்வதைக்குறித்துப் பேசியபோது, முகாமில் கேட்ட அதே நியாயங்களை நல்லோர் வாயிலிருந்து மீண்டும் கேட்டதாக அவர் எழுதுகிறார். வேலி இல்லாத இடத்திலும் முகாம் இருந்தது.

4. யாருடைய அனுபவம்?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இம்மூவரும் கற்ற ஆண்கள். தம் சமுதாயத்தில் மதிப்புள்ள இடத்தில் நின்றவர்கள். நீபூர் பெருமையையே பாவத்தின் வேராகக் கண்டார். 1960இல் வாலரி செய்விங் என்னும் அம்மையார், பெருமை ஆண்களின் அனுபவத்திலிருந்து எழுந்த விளக்கம் என்றும், பிறருக்காகவே தன்னை இழந்து, தனக்கென ஒரு முகமின்றிப் போவதே பெண்களுக்கு நேரும் சோதனை என்றும் எடுத்துக்காட்டினார். கறுப்பின மக்களைக் கும்பலாகக் கூடிக் கொன்ற கொடுமையைக்குறித்து நீபூர் போதிய அளவு பேசாததை ஜேம்ஸ் கோன் 2011இல் வெளியிட்ட நூலில் கேள்விக்குள்ளாக்கினார். 1980களில் நம் நாட்டில் உருவான தலித் இறையியலும் இதே வினாவை நம்முன் வைத்தது. தலைமுறை தலைமுறையாகக் குனிந்து நிற்கும்படி செய்யப்பட்டோரிடம் தாழ்மையைப் பிரசங்கிப்பவன் எங்கே நின்று பேசுகிறான்?

ஆகவே, நமது அனுபவத்தை எழுதுவது போதாது. நமது அனுபவம் எவ்விடத்திலிருந்து காணப்பட்டது என்பதையும் எழுதவேண்டும்.

இதனைச் சொல்லிவிட்டு நம்மை மறைத்துக்கொள்வது முறையன்று. நாம் கடற்கரையோரச் சேகரம் ஒன்றில் ஊழியம் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் புயல் வீசியது. நிவாரணமாக 120 போர்வைகள் வந்தன. வீடிழந்த குடும்பங்களோ ஏறத்தாழ 200. உபதேசியாரும் நாமும் விளக்கொளியில் அமர்ந்து பட்டியல் எழுதினோம். கையில் இருந்தது சபைப் பதிவேடு. ஆகவே சபையாரின் பெயர்களை முதலில் எழுதினோம். விசுவாச வீட்டாருக்கு விசேஷமாக நன்மை செய்யவேண்டும் என்னும் அப்போஸ்தலனின் சொல் நினைவுக்கு வந்து நம்மைத் தேற்றிற்று. அதே வாக்கியத்தின் முற்பகுதி எல்லாருக்கும் நன்மை செய்யச் சொல்லுவது அவ்விரவில் நினைவுக்கு வரவில்லை. விருந்தினர் வந்தால் வேண்டுமே என்று இரண்டு போர்வைகள் போதகர் இல்லத்திலும் தங்கிவிட்டன.

மறுநாள் வாய்க்காலுக்கு அப்பாலிருந்து பெண்கள் சிலர் வந்தனர். போர்வைகள் தீர்ந்துபோயின என்றோம். மீன் கூடை சுமக்கும் மூதாட்டி ஒருவர், "மழை கோயில் கணக்கைப் பார்த்தா பேஞ்சுது, ஐயா?" என்று கேட்டார். கோபத்தோடு அன்று, அறிந்துகொள்ள விரும்புகிறவரைப்போலவே கேட்டார். நம்மிடம் விடை இல்லை. உள்ளேயிருந்த இரண்டு போர்வைகளில் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தோம். மற்றொன்றைக் கொடுக்கவில்லை.

அவ்வாரம் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில், 'மிகவும் தேவையுள்ள குடும்பங்களுக்கு வழங்கப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமிட்டோம். பல ஆண்டுகளுக்குப்பின் நூலகத்தில் கில்கியின் நூலை வாசித்துக்கொண்டிருந்தபோது, பொட்டலங்களைப்பற்றிய பகுதியில் நமது கை நின்றுவிட்டது. அதுவரை அந்த மிஷனெரியின்மேல் நாம் கொண்டிருந்த சினம், திரும்பி வாசலைத் தட்டிற்று. அவர் வேதத்தைக் கொண்டு பொட்டலத்தைக் காத்தார். நாம் வேதத்தைக் கொண்டு போர்வையைக் காத்தோம். அவ்வறிக்கை இன்றுவரை திருத்தப்படவில்லை.

5. முடிவாக

வரலாறும் அறிக்கையும் ஒன்றாய் இணைவது வேதத்தில் புதிய காரியமன்று. நெகேமியா 9ஆம் அதிகாரத்தில், சிறையிருப்பினின்று திரும்பிய மக்கள் கூடி நின்று, படைப்பு முதல் தங்கள் நாள்வரை முழு வரலாற்றையும் ஜெபமாகச் சொல்லுகிறார்கள். ஆபிரகாம், எகிப்து, வனாந்தரம், அரசர்கள் எல்லாம் அதில் வருகின்றன. நெடுநேரம் முன்னோரைப்பற்றியே பேசிய அந்த ஜெபம், முடிவை நெருங்குகையில் தங்களையே சுட்டுகிறது. தேவன் நீதியுள்ளவர், துன்மார்க்கம் செய்தவர்கள் நாங்கள் என்கிறார்கள். நாத்தான் தாவீதுக்குச் சொன்ன கதையும் அவ்வாறே திரும்பிற்று. வேறொருவனின் வரலாறு என்று கேட்டுக்கொண்டிருந்த அரசன், அது தன் வரலாறு என்று அறிந்த கணத்தில்தான் அவனுக்கு மன்னிப்பின் வாசல் திறந்தது.

அருளுரை ஆயத்தம் செய்கிறவர்களுக்கும், ஆய்வேடு எழுதும் மாணாக்கர்களுக்கும் இதிலிருந்து மூன்று காரியங்களைச் சொல்லலாம். முதலாவது, வரலாற்றிலிருந்து ஒரு கொடுமையை எடுத்துக்காட்டும்போது, அதனை ஒத்தது நமது பதிவேட்டிலும் சபைக் கணக்கிலும் உண்டோ என்று தேடவேண்டும். இரண்டாவது, நமது அனுபவத்தைச் சொல்லும்போது நாம் வென்ற இடத்தில் நிறுத்தாமல், விடையின்றி நின்ற இடத்தையும் சொல்லவேண்டும். மூன்றாவது, வாய்க்காலுக்கு அப்பாலிருந்து கேட்கப்படும் கேள்வியை நமது இறையியலில் எழுதிக்கொள்ளவேண்டும். அது நமது நூல்களில் இருக்காது.

மனிதனின் தன்னலத்தை இவ்வளவு எழுதிவிட்டு நம்பிக்கையிழந்து முடிப்பது கிறிஸ்தவ இறையியலாகாது. அகுஸ்தீனின் நூல் பாவ அறிக்கையாயிருப்பதோடு தேவனைத் துதிக்கும் துதியாகவும் இருக்கிறது. அறிக்கையிடப்படுகிற பாவம் மன்னிக்கப்படக்கூடிய பாவம்; ஆதலால்தான் அதனை அஞ்சாமல் எழுத முடிகிறது. மன்னிப்பை நம்பாதவனே பிறர் பாவத்தை மட்டும் எழுதிக்கொண்டிருப்பான். கிருபையை நம்புகிறவன், முன்னோரின் பெயர்களை எழுதிய அதே மையினால் தன் பெயரையும் எழுதுவான்.